தாலி கட்டுற இடத்துல படம் கட்டம் கட்டமா உடையுது: 7 ஜிபி கல்யாண டிவிடியை ஒரே 4.7 ஜிபி வட்டுல அடக்க வழி இருக்கா?

அப்பத்தா பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தப்பா கல்யாண வீடியோவை 2009-ல ஸ்டுடியோக்காரங்க ஒரே டபுள் லேயர் (ரெண்டு படலம் உள்ள) டிவிடியாப் போட்டுக் கொடுத்தாங்க. கணினியில பார்த்தா 7 ஜிபி காட்டுது. ஓடுற நேரம் 2 மணி 50 நிமிஷம். முந்தின நாள் சாயங்கால வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், மறுவீடு வரைக்கும் எல்லாமே அந்த ஒரே வட்டுல இருக்கு.

அப்பத்தா ஊர்ல இருக்கிற பிளேயர் இந்த வட்டைச் சில நாள் படிக்குது, சில நாள் பாதியில நின்னுடுது. சாதாரண சிங்கிள் லேயர் வட்டுன்னா தகராறு இல்லாம ஓடுது. அதனால 4.7 ஜிபி வட்டுல நகல் எடுத்து அப்பத்தாவுக்கு ஒண்ணு, அத்தைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுக்கலாம்னு இருக்கேன்.

டிவிடியைச் சுருக்குற டிவிடி ஷ்ரிங்க் மென்பொருள்ல போட்டா, படத்தை ஏறக்குறைய பாதியாச் சுருக்கினாத்தான் அடங்கும்னு காட்டுது. 7-ஐ 4.4 ஆக்கணும்னா அறுபது சதவீதத்துக்கு மேல மிஞ்சணும் இல்லையா? ஏன் பாதின்னு சொல்லுதுன்னு புரியல. சரின்னு ஓட்டவும் விட்டேன். வரவேற்புப் பகுதி பரவாயில்ல. கெட்டிமேளம் முழங்கி அட்சதை விழுற இடத்துல படம் மொத்தமும் சின்னச் சின்னக் கட்டமா உடைஞ்சு, சித்தி முகமே தெரியல. அப்பத்தா முக்கியமாப் பார்க்கிறதே அந்த இடத்தைத்தான்.

ரெண்டு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன். வட்டு ஒண்ணாத்தான் இருக்கணும். அப்பத்தாவுக்குக் கண் பார்வை கம்மி, பக்கத்து வீட்டுப் பையன் வந்து போட்டுவிட்டுப் போவான், நடுவுல மாத்த ஆள் இருக்காது. அடுத்து, எதையும் வெட்டச் சொல்லாதீங்க. வரவேற்புல மொய்க் கவரோட வரிசையில நிக்கிறவங்கள்ல எங்க தாத்தா உட்பட எத்தனையோ பேர் இப்ப இல்ல. அவங்க நடந்து வர்றதும் சிரிக்கிறதும் வேற எதுலயும் பதிவாகல.

திண்டுக்கல் எடிட்டர்

நீங்க போட்ட கணக்குலயே பாதி விடை இருக்கும்மா. 7-ல 4.4 மிஞ்சணும்னா அறுபதைத் தாண்டணும். அது பாதின்னு காட்டுதுன்னா, சுருக்க முடியாத ஏதோ ஒண்ணு அந்த வட்டுல பெரிய இடத்தைப் பிடிச்சு உட்கார்ந்திருக்கு. எனக்கு ஒலி மேலதான் சந்தேகம்.

வட்டுல படமும் ஒலியும் சேர்ந்து இருக்கிற விஓபி கோப்புல பெருசா ஏதாவது ஒண்ணை மீடியாஇன்ஃபோங்கிற மென்பொருள்ல திறந்து ஒலிக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஏசி-3யா (டால்பியோட சுருக்கின ஒலி), பிசிஎம்மா (சுருக்காத ஒலி)? பக்கத்துல இருக்கிற எண்ணையும் சொல்லுங்க. அதைப் பார்க்காம நான் மேல சொன்னா ஊகமாப் போயிடும்.

நாகை ரவுட்டர்

இந்தக் காலத்துல டிவிடி எதுக்கு? எம்பி4 ஆக்கி பென் டிரைவ்ல போட்டுக் கொடுங்க. பிளேயர்ல யுஎஸ்பி துளை இருக்குமே. ஹெச்.264-ங்கிற புது சுருக்க முறையில 2 ஜிபிக்குள்ள நல்லாவே வரும்.

அப்பத்தா பேத்தி

@திண்டுக்கல் எடிட்டர் அண்ணே, பார்த்துட்டேன். ஒலி: பிசிஎம், 1,536 கிலோபிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. படம்: எம்பெக்-2, 720×576, இன்டர்லேஸ், நிலையான பிட்ரேட்.

@நாகை ரவுட்டர் யுஎஸ்பி துளை இருக்கு. போன தடவை போயிருந்தப்ப ஃபோன்ல எடுத்த எம்பி4 ஒண்ணைப் பென் டிரைவ்ல போட்டுப் பார்த்தோம். சத்தம் மட்டும் வந்துச்சு, படம் வரல.

திண்டுக்கல் எடிட்டர்

பிசிஎம்தான். அப்ப விஷயம் முழுசாத் தெரிஞ்சுபோச்சு. உட்கார்ந்து நிதானமாவே எழுதுறேன், ஏன்னா இதே மாதிரி வட்டு ஆயிரக்கணக்கான வீட்டு பீரோவுல இருக்கு.

முதல்ல பென் டிரைவ். அந்த வயசு பிளேயர்கள்ல யுஎஸ்பி துளை இருந்தாலும் உள்ள இருக்கிற சிப் எம்பெக்-1, எம்பெக்-2, டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வரைக்கும்தான் பிரிச்சுக் காட்டும். ஹெச்.264 அதுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் வந்தது அதனாலதான். புது டிவி இருக்கிற வீட்டுக்கு ரவுட்டர் தம்பி சொல்றது சரியான வழி. அப்பத்தா வீட்டுக்கு வட்டுதான்.

இப்ப கணக்குக்கு வருவோம். 2 மணி 50 நிமிஷம்னா 10,200 விநாடி. விநாடிக்கு 1,536 கிலோபிட் வீதம் ஒலி மட்டும் எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு பெருக்கி, எட்டால வகுத்துப் பாருங்க: 1.96 ஜிபி. சத்தத்துக்கு மட்டும் ஏறக்குறைய 2 ஜிபி. இது எதையும் சுருக்காத ஒலி, ஆடியோ சிடியில இருக்கிற வகை. அப்ப ஸ்டுடியோக்கள்ல ஓடின எடிட்டிங் மென்பொருள் பலதுல டால்பி ஒலிக்குத் தனியா உரிமம் வாங்கணும். வாங்காட்டி பிசிஎம்மாத்தான் வெளிய தள்ளும். டபுள் லேயர்ல இடமும் இருந்ததால யாரும் அதைக் கண்டுக்கல.

கணினி 7 ஜிபின்னு காட்டுறது 1024-ஆல வகுத்த கணக்கு. வட்டு உறையில போட்டிருக்கிற 4.7 ஆயிரம் ஆயிரமா வகுத்த கணக்கு. அதனாலதான் 4.7 வட்டு கணினியில 4.38-ன்னு தெரியுது. ரெண்டையும் உறைக் கணக்குக்கே கொண்டுவந்தா உங்க வட்டு 7.5. அதுல ஒலி 1.96 போக படம் சுமார் 5.5.

ஷ்ரிங்க்கால ஒலியைச் சுருக்க முடியாது. வேண்டாத ஒலித்தடத்தை நீக்கும், அவ்வளவுதான். உங்ககிட்ட இருக்கிறதே ஒரு தடம். ஆக 4.7-ல 1.96-ஐ அப்படியே ஒதுக்கிட்டு, மிஞ்சின 2.7 ஜிபிக்குள்ள 5.5 ஜிபி படத்தை அமுக்கப் பார்க்குது. அங்கதான் அந்தப் பாதி வருது.

ஒலியை ஏசி-3 ஆக்குங்க. பேச்சுக்கு 192 கிலோபிட் தாராளம். ஆனா இது கல்யாண வீடியோ, நாதஸ்வரமும் தவிலும் இருக்கு, 256 கொடுங்க. நாதஸ்வரத்தோட மேல் ஸ்தாயி ஒலியும் தவிலோட வலந்தலை அடியும் குறைஞ்ச பிட்ரேட்டுல சலசலன்னு கலங்கிடும், கேட்டுப் பழகின காதுக்கு உடனே தெரியும். 256-ல ஒலி மொத்தமும் 0.33 ஜிபிக்குள்ள அடங்கிடும். வட்டோட ஓரம் வரைக்கும் நிரப்பாம 4.6-லயே நிறுத்தினாக்கூட படத்துக்கு 4.27 ஜிபி கிடைக்குது. 5.5-க்கு 4.27, அதாவது 78 சதவீதம். பாதி எங்க, 78 எங்க! ஒரு ஃபிரேமைக்கூட வெட்டல. உங்க தாத்தா வரிசையில முழுசா நடந்து வருவாரு.

இனி அந்த கெட்டிமேளம். கல்யாண வீடியோவுலயே சுருக்கறதுக்கு ரொம்பக் கஷ்டமான நிமிஷம் அதுதான். எம்பெக் எல்லாப் படத்தையும் முழுசா எழுதாது. ஒரு படத்தை முழுசா எழுதிட்டு, அடுத்து வர்றதுல எந்தத் துண்டு எங்கிருந்து எங்க நகர்ந்துச்சு, என்ன மாறிச்சுங்கிறதை மட்டும் எழுதிக்கிட்டே போகும். பால் (PAL) முறை, அதாவது நம்ம ஊர் டிவி முறை டிவிடியில கூடிப்போனா 15 படத்துக்கு ஒரு தடவை மறுபடி முழுப்படம் வரணும். மணமக்கள் மேடையில அசையாம உட்கார்ந்திருக்கிற வரைக்கும் எழுத அதிகமா ஒண்ணும் இல்ல. தாலி கட்டுற நேரத்துல என்ன ஆகுது? அட்சதை ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு பக்கம் பறக்குது, முந்தின படத்துல அதுக்கு ஜோடித் துண்டே கிடையாது. உதிரிப்பூவும் அப்படித்தான். நாலு பக்கமும் ஃப்ளாஷ் அடிக்குது, ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் படம் முழுசும் வெளுத்துத் திரும்புது. எல்லாரும் எழுந்து நெருக்குறதால கேமராக்காரர் தோள் ஆடுது. ஹோமப் புகை வேற, சரிகையோட மினுமினுப்பு வேற. எல்லாம் ஒரே சமயத்துல.

உங்க வட்டு நிலையான பிட்ரேட்னு சொன்னீங்க, அதாவது ஒவ்வொரு விநாடிக்கும் ஒரே அளவு இடம். பந்தியில இலை போடுற காட்சிக்கு எவ்வளவோ அதே அளவுதான் மாங்கல்யதாரணத்துக்கும். அதாவது மூல வட்டுலயே அந்த இடம் அரை வயித்துக்குத்தான் சாப்பிட்டிருக்கு. அது மேல ஷ்ரிங்க் இன்னொரு பாதியை எடுத்தா என்ன மிஞ்சும்? விசிடி காலத்துல இது இன்னும் மோசம். 352×288 படம், விநாடிக்கு 1,150 கிலோபிட், கூட்டவும் குறைக்கவும் வழியே இல்ல. அப்ப கொடுத்த கல்யாண விசிடி எதை வேணாலும் எடுத்துப் போட்டுப் பாருங்க, கெட்டிமேளம் வந்ததும் உடையும்.

ஷ்ரிங்க் வேலை செய்யுற முறையையும் சொல்லிடுறேன். அது படத்தைப் பிரிச்சு மறுபடி கட்டறதில்ல. எந்தத் துண்டு எங்க நகருதுங்கிற குறிப்பை அப்படியே வச்சுக்கிட்டு, 8×8 புள்ளிக் கட்டத்துக்குள்ள இருக்கிற நுணுக்கத்தை மட்டும் பெரிய எண்ணால வகுத்துக் கரைக்கும். அதனாலதான் அத்தனை வேகம். 80 சதவீதம் வரைக்கும் பழைய டியூப் டிவியில வித்தியாசம் தெரியாது. அதுக்குக் கீழ இறங்க இறங்கக் கட்டம் தெரிய ஆரம்பிக்கும், ஏன்னா அது கரைக்கிறதே கட்டத்தோட உள்ளடக்கத்தைத்தான்.

உங்களுக்கு இப்ப 78. ஒலியை மாத்திட்டு ஷ்ரிங்க்ல "ஆழ்ந்த பகுப்பாய்வு" தேர்வைப் போட்டு ஓட்டினாலே பெருமளவு சரியாகிடும். ஆனா நான்னா இங்க ஷ்ரிங்க் பக்கமே போக மாட்டேன். படத்தை முழுசாப் பிரிச்சு மறுபடி என்கோட் பண்ணுவேன், ரெண்டு சுற்றா, மாறும் பிட்ரேட்டுல. முதல் சுற்றுல எந்த இடம் கஷ்டம், எந்த இடம் சுலபம்னு மென்பொருள் படிச்சு வச்சுக்கும். ரெண்டாவது சுற்றுல சுலபமான இடத்துல மிச்சம் பிடிச்சு கஷ்டமான இடத்துக்குக் கொடுக்கும். சராசரி விநாடிக்கு 3,300 கிலோபிட், உச்சம் 8,000 வைங்க. மேடை, மண்டப வாசல், இலை வரிசை எல்லாம் 2,000-லயே நல்லா இருக்கும். அந்த மிச்சமெல்லாம் அட்சதை விழுற இடத்துக்குப் போகும். மூல வட்டுல ஏற்கெனவே போனது திரும்பி வராது, அதை ஒத்துக்கணும். மேற்கொண்டு போகாம பார்த்துக்கலாம், அது நம்ம கையில இருக்கு.

எஃப்எஃப்எம்பெக், ஹெச்சி என்கோடர் ரெண்டும் இலவசம், ரெண்டுலயும் இது வரும். எதுல பண்ணாலும் ஒண்ணை மறந்துடாதீங்க: இன்டர்லேஸை அப்படியே வைங்க. விநாடிக்கு 25 படம்னாலும் அதுல 50 அரைப்படம் இருக்கு, தவில்காரர் விரல் ஓடுறது தெளிவாத் தெரியறது அதனாலதான். "டிஇன்டர்லேஸ்" பண்ணா பாதி அசைவு போயிடும். எந்த அரைப்படம் முதல்ல வருதுங்கிற வரிசையும் மூலத்துல இருக்கிறபடியே இருக்கணும், மாறிப்போச்சுன்னா ஆள் நடக்கும்போது முன்னும் பின்னும் உதறும். மீடியாஇன்ஃபோவுலயே அதுவும் போட்டிருக்கும்.

இன்னொண்ணு. அந்த ஸ்டுடியோ இன்னும் இருந்தா ஒரு தடவை கேட்டுப் பாருங்க. மினி டிவி டேப்புல எடுத்ததா இருந்தா மணிக்கு 13 ஜிபி பிடிக்கும், கணினியில வச்சிருக்க மாட்டாங்க. டேப் மட்டும் எங்கயாவது கிடந்தா அதுதான் நிஜமான மூலம்.

வட்டு வைத்தியர்

எடிட்டர் அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. வட்டு எழுதும் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அந்த பிளேயர் டபுள் லேயரில் திணறுவதற்குக் காரணம் உண்டு. அவ்வகை வட்டில் எழுதும் படலம் இரண்டு. மேல் படலத்தை ஊடுருவித்தான் லேசர் கீழ்ப் படலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். திரும்பி வரும் ஒளி குறைவு. வயதான லேசருக்கு அது போதாது. பாதியில் நிற்பது பெரும்பாலும் முதல் படலம் முடிந்து இரண்டாவதற்கு மாறும் இடமாகத்தான் இருக்கும்.

சிங்கிள் லேயர் வாங்கும்போது டிவிடி மைனஸ் ஆர் வாங்குங்கள், பழைய பிளேயர்கள் அதைத் தடையில்லாமல் எடுத்துக்கொள்ளும். 16 மடங்கு வேகம் என்று போட்டிருந்தாலும் 8 மடங்கில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் தேர்வை அணைக்காதீர்கள். 4.6-லேயே நிறுத்தச் சொன்னது நல்ல யோசனை. மலிவு வட்டுகளில் பிழை முதலில் தலைகாட்டுவது வெளி ஓரத்தில், அதாவது படத்தின் கடைசி நிமிடங்களில். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் எடை கூடினாலும் சுழலும்போது ஆடும். வட்டுக்கென்று விற்கும் மார்க்கர் பேனாவால் நடு வளையத்தில் எழுதினால் போதும்.

நாகை ரவுட்டர்

யுஎஸ்பி பத்தி எடிட்டர் அண்ணன் சொன்னது இப்ப புரியுது. எங்க வீட்டுப் பழைய பிளேயர்லயும் இப்படித்தான் சத்தம் மட்டும் வரும், பென் டிரைவ்தான் கோளாறுன்னு இருந்துட்டேன். ஒரு சந்தேகம்: டிவிடியோட எம்பெக்-2 கோப்பையே சுருக்காம அப்படியே பென் டிரைவ்ல போட்டா ஓடாதா?

திண்டுக்கல் எடிட்டர்

ஓடக்கூடும் தம்பி. அந்த பிளேயர்கள் ஃபேட்32 முறையில ஃபார்மட் பண்ண டிரைவைத்தான் படிக்கும், அதுல ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல போகக்கூடாது. துண்டு போடணும். துண்டு போட்டா அடுத்ததுக்குத் தானா போகுமா, பட்டியல்லயே நிக்குமாங்கிறது பிளேயரைப் பொறுத்தது. அந்த அம்மா ரிமோட் தேடுற நிலைமையில இல்ல. வட்டு போட்டா ஓடும்.

அப்பத்தா பேத்தி

அண்ணே, நீங்க சொன்னபடியே பண்ணிட்டேன். எஃப்எஃப்எம்பெக்ல ரெண்டு சுற்று, சராசரி 3,300, ஒலி 256. கோப்பு 4.6-க்கு உள்ளயே வந்துச்சு. கெட்டிமேளம் இடத்தை மூல வட்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஃப்ளாஷ் அடிக்கிற நொடியில கொஞ்சம் கட்டம் தெரியுது, ஆனா மூலத்துலயும் அதே அளவுக்கு இருக்கு. சித்தி முகம் தெளிவா இருக்கு. அட்சதை மணி தனித்தனியாத் தெரியுது.

ரெண்டு கேள்வி. மூல வட்டுல தொடக்கத்துல ரோஜாப்பூ பறக்கிற மெனு ஒண்ணு இருந்துச்சு, புதுசுல அது இல்ல. திரும்பக் கொண்டுவரணுமா? அப்புறம், வரவேற்புல தாத்தா வர்ற இடம் இருட்டா இருக்கு, முகத்துல புள்ளிப் புள்ளியா இருக்கு. அது நான் சுருக்கினதாலயா?

திண்டுக்கல் எடிட்டர்

ரொம்ப சந்தோஷம்மா.

மெனு வேண்டாம். மெனு இருந்தா வட்டு அங்க வந்து நின்னு யாராவது பொத்தானை அழுத்தக் காத்துக்கிட்டிருக்கும். பையன் போட்டுட்டுப் போனதும் படம் தானா ஓடணும். டிவிடிஸ்டைலர்ல மெனு இல்லாமலே வட்டு கட்டலாம். அதுக்குப் பதிலா அத்தியாயக் குறி வைங்க: வரவேற்பு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், மறுவீடு. ரிமோட்ல அடுத்ததுங்கிற பொத்தானை அழுத்தினா நேரா கெட்டிமேளத்துக்குப் போற மாதிரி, தாலி கட்டுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி தனியா ஒரு குறி வைங்க. அத்தைங்களுக்கு அது உபயோகமா இருக்கும்.

தாத்தா முகத்துல இருக்கிற புள்ளி நீங்க சுருக்கினதால வந்ததில்ல. வீடியோ லைட் எட்டாத இடத்துல அந்தக் காலக் கேமரா வெளிச்சத்தை மின்னணு முறையில கூட்டும், அப்ப வர்ற இரைச்சல் அது. ஒவ்வொரு படத்துலயும் வேற வேற இடத்துல இருக்கிறதால அதுவும் பிட்டை வீணாச் சாப்பிடும். எஃப்எஃப்எம்பெக்ல ஹெச்க்யூடிஎன்3டின்னு ஒரு வடிகட்டி இருக்கு. இருட்டான அந்தப் பகுதிக்கு மட்டும் மிகக் குறைஞ்ச அளவுல போடுங்க. கூட்டினா முகம் மெழுகு பூசின மாதிரி ஆயிடும், தாத்தாவோட தாடி நரை, நெத்திச் சுருக்கமெல்லாம் அழிஞ்சிடும். எனக்குக் கேட்டா அந்தப் புள்ளியோடயே விட்டுடலாம்னுதான் சொல்லுவேன்.

நகல் எழுதறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு வேலை இருக்கு. மூல வட்டை ஐஎஸ்ஓ கோப்பா (வட்டு மொத்தமும் ஒரே கோப்பா) முழுசா எடுத்து ரெண்டு வேற வேற ஹார்ட் டிஸ்க்ல வச்சிடுங்க, 7 ஜிபியும் அப்படியே, ஒலியும் பிசிஎம்மாவே. கீழ்ப் படலத்துல படிக்கத் திணறுற பகுதி வந்தா டிவிடிடிசாஸ்டர்ங்கிற மென்பொருள்ல மெதுவாப் படிக்க விடுங்க, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி எடுத்துக் கொடுக்கும். இந்த 4.6 கோப்பு அப்பத்தா டிவிக்காகப் பண்ணது. நாளைக்கு சித்தப்பா பிள்ளைங்க கேட்டா, மூலத்துல இருந்துதான் அவங்களுக்கு எடுக்கணும்.